மாமனாருக்குப் போட்ட இலை

மலாக்கா கிளேபாங்கில் புட்டுமாயம் என்கிற இடியாப்பம் விற்ற கோகிலாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல். சாலையோரம் நின்று யாரையாவது கூப்பிட்டால், கடலோரத்தில் வலை உலர்த்துகிறவன் தன்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்று திரும்பிப் பார்ப்பான். ஜெயபாலன் பெண்சாதி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக வீடு நிறைய வாழ்ந்தவள். அவளுக்கு ஜெயபாலனுக்கு முன்னால் ஒரு கல்யாணம் நடந்து அறுந்துபோனது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவள் மறைத்ததில்லை. கேட்டால், "ஆமா, சப்பான்காரன் காலத்துல ஒண்ணு நடந்துச்சு. நல்லபடியா முடிஞ்சுது" என்பாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நல்லபடியாக முடிந்தது என்று அவள் வாயில்தான் கேட்க முடியும்.

அவள் புக்கிட் பாரு சுப்பையன் மகள். சுப்பையனின் தகப்பன் ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்த சனத்தில் ஒருவர். சுப்பையன் தோட்டத்தை விட்டு வெளியே வந்து மாட்டு வண்டி ஓட்டினார். பெண்சாதி பெயர் ருக்மணி. கோகிலா மூத்தவள், கீழே இரண்டு பெண்கள். அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியது கிடையாது. சண்டைக்கும் சத்தம், கொஞ்சலுக்கும் சத்தம். உப்பு எங்கே என்று கேட்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, அங்கிருந்து உப்பு வந்துவிடும்.

சப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்தது ஒரு பொங்கல் சமயம். பொங்கல் பானையை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு சனம் ரப்பர்க் காட்டுக்குள் ஓடியது. வயசுப் பெண்ணை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சுப்பையன், மாட்டு வால் மயிரைக் கத்தரிக்கிற கத்தரிக்கோலை எடுத்து, இடுப்புவரை கிடந்த கோகிலாவின் கூந்தலைக் காதோடு வெட்டினார். சட்டிக் கரியை எடுத்து முகத்தில் பூசினார். பூசும்போது அவர் அவள் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு வண்டிக் கொட்டகை வைக்கோலுக்குள் அவள் கிடந்த நாட்களுக்குக் கணக்கில்லை. வருஷம் ஒன்று போய் முடி தோள்வரை வளர்ந்த பிறகும் சுப்பையனுக்குப் பயம் போகவில்லை. சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் மகள் எங்கே இருக்கிறாள் என்று தேடுவார். "இவளை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா எனக்குத் தூக்கம் வரும்" என்பது அவர் பாட்டு.

அதே சமயம் காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்கிற குடியிருப்பில், இன்னொருத்திக்கும் தூக்கம் வராமல் இருந்தது. அவள் நாகம்மா. புருஷன் சங்கரன் சண்டைக்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் ஏகாம்பரம். டவுனில் ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். கம்பெனி மூடிப்போனதால் வீட்டின் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி ஊர் ஊராக வந்த காலம் அது. இந்தச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன பழைய தமிழ் வம்சம், வீட்டில் பேசுவது மலாய்தான். ஆனால் பேரைக் கேட்டால் ஏகாம்பரம், சேதுராமன் என்று சொல்லுகிறார்கள். பேரைக் கேட்டே தமிழன் என்று சப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போய்விடுவான் என்று ஒரு பேச்சு. கல்யாணம் ஆனவனை விட்டுவிடுகிறான் என்று இன்னொரு பேச்சு. அதை யார் சொன்னது, யாரை விட்டான் என்றால் பதில் இல்லை. பயந்த மனசுக்கு அதெல்லாம் தேவையில்லை.

இந்த இரண்டு பயத்தையும் கொண்டுவந்து ஒன்றாக முடிச்சுப் போட்டவர் நல்லையா. செட்டிகளில் தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தவர், கோயிலுக்குப் பூ வாங்கப் புக்கிட் பாரு வரை நடப்பவர். சாதாரண காலமாக இருந்தால் செட்டிகள் வெளியே போய்ப் பெண் எடுக்க மாட்டார்கள். "நம்ம வீட்டுல செத்தவங்களுக்குப் போடற இலையைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? வெளியாள் கை வைச்சா செத்தவங்க சாப்பிடுவாங்களா?" என்று அண்டை வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். நாகம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில், மேளம் இல்லாமல், அரிசி இல்லாமல், அவித்த மரவள்ளிக் கிழங்கைப் பந்தியில் வைத்துக் கல்யாணம் முடிந்தது. அன்றைக்கு சுப்பையன் தூங்கினார். நாகம்மாவும் தூங்கினாள். தூக்கம் போனது மற்ற இருவருக்கும்தான்.

ஏகாம்பரம் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், குரல் உயர்த்த மாட்டான். கோகிலாவுக்கு அந்தக் குரல் உயராததுதான் தாங்கவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் மெதுவாக நடப்பார்கள், மெதுவாகப் பேசுவார்கள். அவளுக்கு அவர்கள் மலாய் பாதிதான் புரியும். அவளுக்குத் தெரிந்தது சந்தையில் பேரம் பேசுகிற மலாய். அவனுக்குத் தெரிந்த தமிழ் கோயிலில் தேவாரம் கேட்டுத் தெரிந்த தமிழ். சாயங்காலம் அவன் வந்து உட்காருவான்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"மழை வரும் போல."

"ம்."

அவ்வளவுதான். அவன் பாய் அம்மா படுக்கிற கூடத்தில் ஒரு பக்கம், அவள் பாய் உள் அறையில். முதல் வாரம் கூச்சம் என்று நினைத்தார்கள். மாதங்கள் போயும் பாய்கள் இடம் மாறவில்லை. நாகம்மா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் புரண்டு படுப்பாள். நாகம்மாவும் நல்லவள்தான். தன் பங்குக் கிழங்கில் பாதியை மருமகள் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்குப் பல் வலி" என்பாள். மாமியார் கொடுமை செய்தால்கூட அப்பன் வீட்டுக்கு ஓடிவிடலாம். நல்லவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட கோகிலாவுக்கு ஓடக் காரணம்கூட அகப்படவில்லை. கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது வாளியோடு பேசுவாள். "நீயாச்சும் பதில் சொல்லு" என்று அதைத் தட்டுவாள்.

அப்படியே தை வந்தது. பொங்கலுக்கு முதல் நாள், போகியன்று, செட்டிகள் வீட்டில் இறந்துபோன முன்னோர்க்குப் படைப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் பர்ச்சு. வீட்டில் செத்தவர் ஒவ்வொருவருக்கும் வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாற வேண்டும். பூசை முடிந்ததும் வீட்டார் எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் அல்லவா. ஊதுவத்தி எரிந்து முடிகிற நேரம் கழித்து, வாசலில் நின்று நன்றாக இருமிவிட்டு, பிறகுதான் கதவைத் திறப்பது நாகம்மா வீட்டு வழக்கம். அதற்குப் பிறகு உயிரோடு இருப்பவர்கள் சாப்பிடலாம்.

கிழங்கைத் தின்று கிழங்கே ஆகிப்போன காலம். கோகிலா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சோற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. போகிக்கு இரண்டு நாள் முன்பு நாகம்மா வெளியே போய்விட்டு, கெபாயாச் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தாள். அரிசி. கெபாயாவின் முன்பக்கத்தில் குத்திக்கொள்கிற தங்க ஊசிகளைக் கொடுத்து, ஒரு சீனரிடம் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். "மற்றவங்களுக்குக் கிழங்கு வைக்கலாம், அவங்க எல்லாம் பழைய ஆளுங்க, பொறுத்துக்குவாங்க," என்றாள். "ஏகாம்பரம் அப்பாவுக்கு மட்டும் சோறு இல்லாம இலை போட முடியாது. சோத்துக்காகவே பொறந்த மனுஷன்." சமைக்கிற வேலையை மருமகளிடம் கொடுத்தாள். "நீதான் இனிமே இந்த வீட்டு இலைக்குச் சமைக்கணும்."

தேங்காய்ப்பால் விட்டுச் சோறு. எங்கிருந்தோ ஒரு முழுக் கானாங்கெளுத்தி, மஞ்சள் தடவிப் பொரித்தது. பிளாச்சான் என்கிற இறால் விழுது போட்டு அரைத்த சம்பல். ஒரு கிளாஸ் கறுப்புக் கோப்பி. சமைக்கும்போது கோகிலாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் இல்லாத காலம். வெங்காயத்தின் மேல் பழி போடவும் முடியவில்லை. தாத்தா, பாட்டி, கொள்ளுத் தாத்தா என்று எல்லாருடைய இலையிலும் கிழங்கு, மாமனார் சங்கரன் இலையில் மட்டும் மலை போல வெள்ளைச் சோறு. பூசை முடிந்தது. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் நின்றார்கள். கோகிலா, "பாத்திரம் கிடக்கு மாமி" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் கிணற்றடிக்குப் போனாள்.

சமையலறைக் கதவைச் சாத்தியவள் அவள்தான். தாழ் போட்டோமா என்று பார்க்கப் போனாள். அப்படித்தான் அவள் சொல்வாள். தாழ் போடவில்லை. உள்ளே காலை வைத்தாள். ஒரே ஒரு கை, மலையின் பின்பக்கமாக எடுத்தால் தெரியாது, எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று கூடத்துத் திரையை விலக்கினாள்.

இலைக்கு முன்னால் ஏகாம்பரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. பக்கத்து அறை ஜன்னல் வழியாக ஏறி வந்திருக்கிறான். பெண்சாதியைப் பார்த்ததும் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான்.

கோகிலாவும் நின்றாள். கத்தலாமா, ஓடலாமா என்று யோசித்தது ஒரு மூச்சு நேரம். அப்புறம் அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மலையின் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

பேசுகிற நேரமா அது? மீனை அவன் நடுவில் பிய்த்தான். தலைப்பக்கம் அவள் கைக்கு வந்தது. அவள் சப்பிய சத்தத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்து புரை ஏறியது. மாமனாருடைய கோப்பியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"தாத்தா இலையில கை வைக்கலியா?" என்றாள் மெதுவாக.

"தாத்தாவுக்குக் கோவம் வரும். அப்பாவுக்கு வராது."

"பசியா உங்களுக்கு?"

"உனக்கு?"

"எனக்குப் பசி மட்டுமில்ல" என்றாள். வயிறு நிறைந்த தைரியமோ என்னவோ, அவளுக்கு வாய் திறந்துவிட்டது. "உங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்க. ஆனா எனக்கு மூச்சு முட்டுது. கோவிச்சுக்காதீங்க. உங்களைப் பாத்தா எனக்கு எங்கப்பா முடியை வெட்டினது ஞாபகம் வருது. வேற ஒண்ணும் வர மாட்டேங்குது."

அவன் கோப்பி கிளாஸைக் கீழே வைத்தான். பாதி மலாயிலும் பாதித் தமிழிலுமாகச் சொன்னான்: "உன்னைப் பாத்தா எனக்கு லாரி ஞாபகம் வருது. ஒவ்வொரு நாளும். நீ கதவைத் திறந்துட்டு வந்தா லாரி வந்து நிக்கிற மாதிரி இருக்கு. உன் மேல தப்பு இல்ல."

"அப்ப உங்களுக்கும் வேணாமா?"

"நான் சொன்னா நீ கிணத்துல விழுந்துடுவேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

"நான் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன்!"

கல்யாணமாகி அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான், அவன் பல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் தானே சொல்வதாக அவன் ஒத்துக்கொண்டான். அதற்குள் வாசலில் நாகம்மா இருமினாள். அவன் ஜன்னலுக்கும் இவள் அடுப்படிக்கும் பறந்தார்கள். இலையைத் திரும்பிப் பார்க்க இருவருக்கும் நேரம் இல்லை.

கதவு திறந்தது. அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தத்தில் நாகம்மா கத்தினாள்.

"வந்துட்டாரு! சாப்பிட்டுட்டாரு!"

மற்ற இலைகள் எல்லாம் வைத்தது வைத்தபடி. சங்கரன் இலை மட்டும் கழுவி வைத்ததுபோலச் சுத்தம். மீன் முள்ளு ஓரமாக ஒதுக்கியிருந்தது. கோப்பி பாதி குடித்திருந்தது. மாதிரிக்கு ஒரு பருக்கை இல்லை. பூனை தின்றால் கோப்பி குடிக்குமா? நாகம்மா இலைக்கு முன்னால் விழுந்து அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். கம்போங் முழுக்கச் செய்தி போய்விட்டது. நல்லையா வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியாள் கை வைத்தால் செத்தவர்கள் சாப்பிடுவார்களா என்று கேட்ட அதே வாய்கள் இப்போது, "இவ கைதான்! இவ சமைச்ச கைதான்!" என்றன. ஒரு கிழவி கோகிலாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையில் இன்னும் மீன் வாசனை இருந்தது. கோகிலா கையை உருவி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

விட்டுப் போகலாம் என்று வழி தெரிந்த அன்றைக்கே வழி அடைத்துக்கொண்டது. ஏகாம்பரம் வாக்குத் தவறவில்லை, பொங்கலன்று அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தான்.

"மாக், அவளுக்கு இங்க பிடிக்கல. எனக்கும்... அவளை அவங்க வீட்டுக்கே அனுப்பிடலாமா?"

"உங்கப்பாவே ஒத்துக்கிட்டாரு," என்றாள் நாகம்மா. "அவரு சாப்பிட்டுட்டுப் போன பிறகு மாத்திப் பேச நீ யாரு?"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். மகளைப் பார்க்க வண்டியோடு வந்த சுப்பையனிடம் கோகிலா அழுதுபார்த்தாள். அவர் காதுக்கும் செய்தி போயிருந்தது.

"அடி போடி பைத்தியமே! செத்த மனுசன் எழுந்து வந்து உன் சமையலைத் தின்னுட்டுப் போயிருக்காரு. உங்கம்மா சமைச்சா உயிரோட இருக்கிற நானே யோசிப்பேன். இதுக்கு மேல ஒரு பொண்ணுக்கு என்ன மரியாதை வேணும்?"

"அப்பா, அது வந்து..."

"பேசாத. நான் இன்னிக்கும் நல்லாத் தூங்கணும்."

உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் சொல்வது யார்? செத்தவருக்கு வைத்த சோற்றைத் திருடித் தின்றவர்கள் என்று பேர் வந்தால் அந்தக் கம்போங்கில் எப்படி நடப்பது? அதைவிட, நாகம்மாவின் முகம். அந்த மனுஷி தூக்கத்தில்கூடச் சிரித்தாள். அண்டை வீட்டாரிடம் போய், "பாதிக் கோப்பிதான் குடிச்சாரு, சர்க்கரை இல்லைன்னு கோவம்" என்று சொல்லிவிட்டு வருவாள். அதைக் கெடுக்க ஏகாம்பரத்துக்கு மனசு வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். கோகிலா பொறுத்தாள். நாட்கள் போகப் போக நாகம்மா இரண்டு பாய்களையும் ஒரே அறையில் விரிக்க ஆரம்பித்தாள். அடுத்த போகிக்குள் பேரன் வந்துவிடுவான் என்று நல்லையாவிடம் சொல்லி வைத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோகிலாவைக் குளித்துவிட்டு வரச் சொன்னாள். கூடத்தில் முன்னோர் விளக்கை ஏற்றி வைத்திருந்தாள். கையில், மாற்றாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே தங்க ஊசி.

"இது என் மாமியா எனக்குக் குத்தினது. இப்ப உனக்கு. விளக்குக்கு முன்னாடி சொல்லு, நான் சாகிறவரைக்கும் இந்த வீட்டு இலைக்கு என் கையால சமைப்பேன்னு."

கோகிலா விளக்கைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். அந்த ஊசியின் கூடப்பிறந்ததைத்தான் அவள் தின்று ஏப்பம் விட்டிருக்கிறாள். மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, இங்கேயே கிடந்து சாகலாம். இந்த மனுஷியிடம், அந்த விளக்கின் முன்னால், பொய் சொல்ல முடியாது. வாயைத் திறந்தாள். வண்டி மாட்டையே அதட்டி நிறுத்துகிற குரல் வரவில்லை.

பின்னால் வாசற்படியில் ஏகாம்பரம் சொன்னான்:

"மாக், அப்பா சாப்பிடல."

நாகம்மா திரும்பினாள்.

"நான்தான் சாப்பிட்டேன். பசி தாங்கல."

"நானும்" என்றாள் கோகிலா. குரல் வந்துவிட்டது. "நானும்தான் மாமி. ரெண்டு பேரும்."

நாகம்மா ஊசியைப் பிடித்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஊசி முனையைத் தடவிக்கொண்டே, "மீன் தலையைத் தின்னது யாரு?" என்று கேட்டாள்.

"நான்" என்றாள் கோகிலா.

"உன் மாமனாரு மீன் தலையைத் தொடவே மாட்டாரு," என்றாள் நாகம்மா. "கண்ணு பாக்குதுன்னு சொல்லுவாரு. நான் அன்னிக்கே யோசிச்சேன். செத்த பிறகு மாறிட்டாரு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று இருவரும் நெருங்கினார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. துடைப்பத்தை எடுத்து மகன் முதுகில் இரண்டு போட்டாள். "ஜன்னல் வழியா வந்தியா? திருட்டுப் பயலே, ஜன்னல் வழியாவா?" பிறகு அதே துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "என் புள்ளை இவ்வளவு பசியிலயா இருந்தான். நான் ஊசியைக் கொண்டுபோய்ச் செத்தவருக்குச் சோறு வாங்கியிருக்கேனே."

அந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரம் மற்றதையும் சொன்னான், லாரி ஞாபகத்தை. கோகிலா கத்தரிக்கோல் ஞாபகத்தைச் சொன்னாள். நாகம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிவில் ஊசியைத் தன் கெபாயாவிலேயே குத்திக்கொண்டாள்.

"எனக்குப் பயம், அதனால ஒருத்தியைப் புடிச்சு உள்ள போட்டேன்," என்றாள். "அவங்கப்பாவுக்குப் பயம், அதனால புடிச்சுக் குடுத்தாரு. எங்க ரெண்டு பேருக்கும்தான் கல்யாணம் நடந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் நடுவுல மாட்டிக்கிட்டீங்க."

நல்லையாவுக்கும் சுப்பையனுக்கும் ஆள் போனது. பகல் வேளையில் அவர்கள் இருவரும் நாகம்மாவும் ஏகாம்பரமுமாக நாலு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடந்ததையெல்லாம் கேட்டு சுப்பையன் முதலில் குதித்தார். "வயசுப் பொண்ணைத் திரும்ப வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? சப்பான்காரன் இன்னும் போகலியே!"

"வைக்கோல்ல படுத்துக்கறேன்ப்பா," என்றாள் கோகிலா கதவுக்குப் பின்னாலிருந்து. "முடியையும் வெட்டிக்கறேன். அங்கேயாச்சும் மாடு பதில் சொல்லும்."

சுப்பையன் மகளின் குரலைக் கேட்டுக் கொஞ்சம் அடங்கினார். அது பழைய குரல். அதை அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"சரி, ஊருக்கு என்ன சொல்றது?" என்றார் நல்லையா. அதுதான் பெரிய முடிச்சு. உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் இரண்டு பேரும் காலத்துக்கும் திருடர்கள். வேறு காரணம் வேண்டும். "பையன் குடிக்கிறான்னு சொல்லலாமா?"

"கள்ளே கிடைக்காத காலத்துல எதைக் குடிச்சான்னு கேப்பாங்க," என்றார் சுப்பையன்.

"வேற பொம்பளை?"

"என் பையனுக்கா?" நாகம்மா சிரித்துவிட்டாள். "கட்டின பொண்டாட்டிகிட்டப் பேசவே சோத்துக்கு முன்னாடி உக்காரணும் அவனுக்கு."

"புள்ளை இல்லைன்னு..."

"வருஷம்கூட ஆகல. அதோட அந்தப் பேரு என் பொண்ணு தலையில நிக்கும். அவளை அப்புறம் யாரு கட்டுவான்?"

ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். எந்தக் காரணத்தை எடுத்தாலும் யாராவது ஒரு சின்ன வயசுக்காரர் தலையில் போய் விழுந்தது. கடைசியில் நாகம்மா வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"மாமியா கொடுமைன்னு சொல்லுங்க."

நல்லையா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதைச் சொன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. எனக்கு இனிமே என்ன கல்யாணமா ஆகப்போகுது? உலகத்துல எவ்வளவோ மாமியா கெட்டவளா இருக்கா, அதுல நானும் ஒருத்தின்னு போகட்டும்."

சுப்பையன் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவர் சனத்தில் கட்டினதைத் தீர்த்துவிடுவதற்குத் துரும்பு கிள்ளிப் போடுவது வழக்கம். ஏகாம்பரமும் கோகிலாவும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு துரும்பைக் கிள்ளிப் போட்டார்கள். மஞ்சள் கயிற்றைக் கழற்றி அவள் நாகம்மா கையில் வைத்தாள். "போயிட்டு வரேங்க" என்றாள் ஏகாம்பரத்திடம். "நல்லா இரு" என்றான் அவன். லாரி போய்விட்ட தெருவைப் பார்ப்பதுபோல அவன் முகம் தெளிந்திருந்தது. சண்டை முடிந்து கம்பெனி திறந்ததும் அவன் கிராணி வேலைக்குத் திரும்பினான், பின்னால் தன் சனத்திலேயே ஒரு பெண்ணைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டான்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருந்தது. கொடுமைக்கார மாமியார் வீட்டிலிருந்து மருமகள் சும்மா இறங்கிப் போக முடியுமா? நாகம்மா அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்க பக்கத்து மாமியாருங்க எப்படித் திட்டுவாங்க? ஒண்ணு சொல்லிக் குடு."

"வெளங்காதவளேன்னு திட்டுவாங்க, மாமி."

"வெளங்காதவளே," என்று நாகம்மா சொல்லிப் பார்த்தாள். கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை செய்வதுபோல இருந்தது.

"அப்படி இல்ல மாமி. வயித்துலேருந்து."

"வெளங்காதவளே!"

"ஆங். இப்ப கையை ஆட்டுங்க."

வண்டி வாசலில் வந்து நின்றது. கோகிலா மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாகம்மா படியில் வந்து நின்று கையை ஆட்டினாள். "வெளங்காதவளே!" அதற்கு மேல் தமிழ் தெரியாது, மலாய்க்குத் தாவினாள். சட்டியைக் கரிய விட்டவளே, விடிஞ்ச பிறகும் தூங்கினவளே, கிணத்து வாளியோட பேசினவளே, என் வீட்டைக் கடைத்தெரு ஆக்கினவளே, போ, திரும்பிப் பாக்காதே! பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மெதுவாகப் பேசிப் பழகின தொண்டை நாலாவது வசவிலேயே கம்மிவிட்டது, ஆனாலும் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் "வெளங்காதவளே!" என்று ஆரம்பித்தாள்.

கோகிலா வண்டியில் ஏறித் தலையோடு துணியைப் போட்டு மூடிக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. "ஐயோ பாவம், எப்படி அழுவுறா பாரு," என்று ஒரு கிழவி சொன்னது கேட்டது. அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் அதிகமாகச் சிரிப்பு வந்து, துணியைக் கடித்துக்கொண்டாள்.

சுப்பையன் மாட்டைத் தட்டினார். கம்போங் முடிந்து வண்டி புக்கிட் பாரு சாலையில் திரும்புகிறவரை அவர் பின்னால் பார்க்கவில்லை. திரும்பிய பிறகு, "அழுவுறியா ஆத்தா?" என்றார்.

கோகிலா துணியை எடுத்துப் போட்டாள். "இல்லப்பா. பசிக்குது," என்றாள். சாலை முழுக்கக் கேட்டது.